வெற்று கேசட்டோடு வந்தால் பாட்டு இலவசம்



1980களின் நடுவில், லிபியாவின் திரிப்போலி நகருக்கு அருகே ஒரு படைப்பயிற்சி முகாம் இருந்தது. சொந்த நாட்டை விட்டு வந்த சில இளைஞர்கள் அங்கே பாட்டைப் பதிவு செய்ய ஓர் இடத்தை ஒப்பேற்றிக்கொண்டார்கள். விற்பனை இல்லை, விலைப்பட்டியல் இல்லை. ஒரே ஒரு நிபந்தனைதான்: பாட்டு வேண்டுமென்றால் வெற்று கேசட் ஒன்றைக் கையோடு கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தவருக்குக் காசு வாங்காமல் பதிவு செய்து கொடுத்தார்கள்.

அந்த இளைஞர்களின் குழுவுக்கு டினாரிவென் என்று பெயர். 2012ஆம் ஆண்டு சிறந்த உலக இசைத் தொகுப்புக்கான கிராமி விருதை அவர்களின் ‘தசிலி’ வென்றது. அந்த மேடைக்கு வந்து சேரும் முன் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவர்களைத் தாங்கி நின்றவர்கள், வெற்று கேசட்டை நீட்டியவர்கள். கூலி வேலைக்கும் பட்டாளத்துக்கும் அகதி முகாமுக்கும் சிதறிப்போன ரசிகர்கள், தங்களுக்குப் பிடித்த ஒரு கிட்டார் குழுவை எப்படிக் கைக்குக் கை கடத்தி வளர்த்தார்கள் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

துவாரெக் மக்கள் சகாராவின் மேய்ச்சல் குடிகள். ஒட்டகமும் ஆடும் ஓட்டிக்கொண்டு, மழை பெய்த திசைக்குப் போவது அவர்கள் வாழ்க்கை. 1960இல் மாலியும் நைஜரும், 1962இல் அல்ஜீரியாவும் விடுதலை பெற்றன. தலைமுறை தலைமுறையாக ஒரே மேய்ச்சல் நிலமாக இருந்த இடத்தின் நடுவே எல்லைக்கோடுகள் விழுந்தன. மாலி, நைஜர், அல்ஜீரியா, லிபியா, புர்க்கினா ஃபாசோ என்று ஒரே மொழி பேசும் மக்கள் ஐந்து நாடுகளின் குடிகள் ஆனார்கள். 1963இல் மாலியின் வடகோடியில் துவாரெக் கிளர்ச்சி வெடித்தது. படை அதை நசுக்கியது. கிணறுகள் பாழாயின, கால்நடைகள் சுடப்பட்டன, பல குடும்பங்கள் எல்லை தாண்டி அல்ஜீரியாவுக்கு ஓடின.

அப்படி ஓடிய குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர் இப்ராஹிம் அக் அல்ஹபீப். தெஸ்ஸாலித் ஊர்ப் பக்கம் பிறந்தவர். தந்தை கொல்லப்பட்டபோது அவருக்கு நான்கு வயதுதான். பிறகு அகதி முகாம்களிலும் அல்ஜீரியாவின் தென்பகுதி நகரமான தமன்ராசெட்டிலும் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது ஒரு கவ்பாய் படத்தில் ஒருவன் கிட்டார் வாசிப்பதைப் பார்த்தார். தகர டப்பா ஒன்று, ஒரு கம்பு, சைக்கிள் பிரேக்கிலிருந்து உருவிய கம்பி. இந்த மூன்றையும் வைத்து அவரே ஒரு கிட்டார் செய்துகொண்டார். சைக்கிள் பிரேக் கம்பி பல மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்தது. அதைப் பிரித்தால் வாத்தியத்துக்கு ஏற்ற இழை கிடைக்கும். டப்பாவின் வாயில் கம்பைச் செருகி இழையை இழுத்துக் கட்டினால், தகரமே அதிர்ந்து ஒலியைப் பெருக்கும். கடையில் வாங்கிய உண்மையான கிட்டார் அவர் கைக்கு வந்தது 1979 வாக்கில்தான்.

1970களின் முற்பகுதியில் சகாராவின் தெற்கு விளிம்பான சாஹேல் பகுதியைப் பெரும் பஞ்சம் தாக்கியது. மந்தைகள் மடிந்தன. மந்தை போனால் துவாரெக் இளைஞனுக்கு ஊரில் வேலை இல்லை. அவர்கள் வடக்கே நடந்தார்கள், லாரியில் தொற்றிக்கொண்டு போனார்கள். அல்ஜீரியாவிலும் லிபியாவிலும் கிடைத்த வேலையைச் செய்தார்கள். வேலையற்றவன் என்னும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த ‘இஷுமார்’ என்ற பட்டம் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. அவர்கள் பாடிய பாட்டுக்கும் பின்னர் அதே பெயர் ஆயிற்று.

தமன்ராசெட்டில் இரவு நேரத்தில் அவர்கள் கேட்டது யாருடைய பாட்டு? மொராக்கோவின் நாஸ் எல் கிவான் குழு, அல்ஜீரியாவின் ராய் பாடல்கள், எல்விஸ் பிரெஸ்லி, சந்தானா, லெட் செப்பெலின், ஜிமி ஹென்ட்ரிக்ஸ், டயர் ஸ்ட்ரெய்ட்ஸ், பாப் மார்லி. ஊர் விட்டு ஊர் வந்த பிள்ளைகள் பிற ஊர்க்காரர்களின் கேசட்டுகளைச் சுற்றி உட்கார்ந்து, வாயால் சொல்லத் தெரியாத பாடல்களை விரலால் கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால் சொந்த மரபும் இருந்தது: பெண்கள் உரலின் வாயில் ஆட்டுத்தோலைக் கட்டி அடிக்கும் திந்தே, பெண்களே வாசிக்கும் ஒற்றை நரம்பு வாத்தியமான இம்சாத். திந்தேயின் தாளமும் கைதட்டலும் மின்கிட்டாரோடு சேர்ந்ததில் ஒரு புது ஒலி பிறந்தது. அதை ராக் என்பாரும் உண்டு, பாலைவன ப்ளூஸ் என்பாரும் உண்டு. வாசிப்பவர்கள் அதைக் கிட்டார் பாட்டு என்றே அழைத்தார்கள். 1979இல் தமன்ராசெட்டில் இப்ராஹிமும் அல்ஹசான் அக் தூஹாமியும் இன்டெயெடென் அக் அப்லினும் சேர்ந்து கல்யாணங்களிலும் கூட்டங்களிலும் பாடத் தொடங்கினார்கள். பாலைவனத்துப் பிள்ளைகள் என்ற பொருளில் ஊரார் அழைத்ததே குழுவின் பெயராக நிலைத்தது.

1980இல் லிபியாவின் ஆட்சியாளர் கடாஃபி, தன் நாட்டில் ஆவணமின்றித் தங்கியிருந்த துவாரெக் இளைஞர்களைப் படைப்பயிற்சிக்கு அழைத்தார். 1985இல் மீண்டும் ஓர் அழைப்பு வந்தது. சம்பளமும் சோறும் கிடைக்கும், ஒருநாள் துப்பாக்கியோடு ஊர் திரும்பலாம் என்ற நம்பிக்கையில் ஏராளமானோர் சேர்ந்தார்கள். கிட்டார்க்காரர்களும் சேர்ந்தார்கள். பல ஊர், பல நாடு, பல குலம் என்று பிரிந்து கிடந்த துவாரெக் இளைஞர்கள் முதல்முறையாக ஒரே கொட்டகையில் படுத்து எழுந்தது அந்த முகாம்களில்தான். கேட்பதற்கு ஒரு கூட்டம் அங்கே கிடைத்துவிட்டது. அந்தக் கூட்டம் கலைந்து நான்கு திசைக்கும் போகும்போது பாட்டும் கூடவே போக வேண்டாமா? அதற்கு வழி செய்ததுதான் வெற்று கேசட் நிபந்தனை.

இந்த அவையில் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு இது புரியும். ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு, ரெக்கார்டிங் கடை வாசலில் நின்று, “அறுபதா, தொண்ணூறா?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, இரண்டு நாள் கழித்துப் போய்க் கேசட்டை வாங்கி வந்த தலைமுறை அவர்கள். அந்தக் கேசட்டின் அட்டையில் சொந்தக் கையெழுத்து இருக்கும். அதை இரவல் கொடுக்க மனம் வராது. கொடுக்காமல் இருக்கவும் முடியாது. சகாராவில் நடந்தது இதே வேலைதான். கடை மட்டும் இல்லை. கேட்டவரே அடுத்தவருக்குப் பதிவு செய்து தந்தார்.

இந்த முறையின் நுட்பத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஒலித்தட்டு வெளியிட ஆலை வேண்டும், பணம் வேண்டும், அரசின் அனுமதி வேண்டும். கேசட்டுக்கு இரண்டு டேப்ரெக்கார்டர் போதும். ஒன்றில் ஓடவிட்டு மற்றொன்றில் பதிவு பொத்தானை அழுத்தினால் முடிந்தது. மேல்விளிம்பில் உள்ள சின்ன பிளாஸ்டிக் தாழ்ப்பாளை உடைத்துவிட்டால் யாரும் தவறுதலாக அழித்துவிட முடியாது. பழைய கேசட்டில் அந்த ஓட்டையைக் காகிதம் வைத்து அடைத்துவிட்டால் அதுவே மறுபடி வெற்று நாடா ஆகிவிடும். சட்டைப்பையில் அடங்கும். லாரியில் மூட்டைகளுக்கு இடையே செருகலாம். மின்சாரம் இல்லாத இடத்திலும் பேட்டரியில் ஓடும்.

குறையும் உண்டு. ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் கூடும், கிட்டாரின் கூர்மையான மேல்சுரங்கள் மழுங்கும். நகலின் நகலின் நகலைக் கேட்டவருக்குக் குரல் ஒரு புழுதித் திரைக்குப் பின்னாலிருந்து வந்திருக்கும். சூட்டில் நாடா இளகும், மணல் புகுந்தால் சிக்கும். அப்படியும் பாட்டு நிற்கவில்லை. தமன்ராசெட்டுக்கும் திரிப்போலிக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகம். அந்தத் தூரத்தைப் பாட்டு கடந்தது, எல்லைக்காவலைக் கடந்தது, மாலியின் வடபகுதி ஊர்களுக்குள்ளும் நுழைந்தது. கிளர்ச்சியையும் ஊர் நினைவையும் பாடிய அந்தப் பாடல்களை மாலி அரசு ஆபத்தான சரக்காகவே பார்த்தது. வைத்திருப்பவர் மறைத்தே வைத்திருக்க வேண்டும். ஒருவர் இன்னொருவருக்கு அந்தக் கேசட்டைக் கொடுத்தார் என்றால், அவரை நம்பினார் என்று பொருள்.

பிடித்த குழுவைப் பகிர்வது என்றால் இன்று ஒரு இணைப்பை அனுப்புவதோடு வேலை முடிகிறது. இஷுமார் ரசிகருக்கு அது செலவு பிடித்த வேலை. வெற்று நாடா வாங்க அன்றைய கூலியில் ஒரு பங்கை எடுக்க வேண்டும். ஒரு மணிநேரக் கேசட்டை நகலெடுக்க ஒரு மணிநேரம் உட்கார வேண்டும். அந்த ஒரு மணிநேரம் யாரும் சும்மா இருந்திருக்க மாட்டார்கள். தேநீர் கொதிக்கும். துவாரெக் வழக்கப்படி தேநீர் மூன்று சுற்று. பதிவாகிக்கொண்டிருக்கும் பாட்டைக் கூடியிருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து கேட்பார்கள். நகலெடுப்பதே ஒரு கச்சேரியாக இருந்தது. தனித்தனியாக வேலை தேடி வந்தவர்கள், ஒரே பாட்டு தெரிந்தவர்கள் என்பதால் ஒருவரையொருவர் அடையாளம் கண்டார்கள். அயல்நாட்டில் ஒரு ரசிகர் கூட்டம் செய்யக்கூடிய பெரிய காரியம் இதுதான் என்று உறுதியாகச் சொல்லலாம்: ஊரை இழந்தவர்களுக்குச் சக ஊர்க்காரர்களை அது தேடித் தருகிறது.

1989இல் குழுவினர் லிபியாவை விட்டு வெளியேறினார்கள். இப்ராஹிம் தன் தெஸ்ஸாலித்துக்குத் திரும்பினார். 1990இல் மாலியில் மறுபடி கிளர்ச்சி. குழுவைச் சேர்ந்த சிலர் அதில் போராடினார்கள். 1991 ஜனவரியில் தமன்ராசெட்டில் ஒப்பந்தம் கையெழுத்தானபின் துப்பாக்கியை வைத்துவிட்டு இசைக்கு முழுதாக வந்தார்கள். 1992இல் ஐவரி கோஸ்டின் அபிஜான் நகரில் முறையான ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு கேசட் பதிவு செய்தார்கள். அப்போதும் அவர்கள் பாட்டு உலகச் சந்தைக்குப் போகவில்லை, சகாராவுக்குள்ளேயே சுற்றியது.

வெளியுலகம் அவர்களை அறிந்ததும் பெரிய நிறுவனங்கள் வழியாக அல்ல, இன்னொரு இசைக்குழுவின் ரசனை வழியாக. பிரான்சின் ஆன்ஜே நகரைச் சேர்ந்த லோஜோ குழு 1990களின் இறுதியில் மாலிக்கு வந்தபோது டினாரிவென் உறுப்பினர்களைச் சந்தித்தது. நட்பு வளர்ந்தது. 1999இல் அவர்களில் சிலர் பிரான்சில் பாடினார்கள். 2001 ஜனவரியில் மாலியின் கிடால் வட்டாரத்தில் பாலைவன விழா முதன்முறையாக நடந்தது. அதே ஆண்டு ‘ரேடியோ டிஸ்டாஸ் செஷன்ஸ்’ வெளிவந்தது. கிடால் நகரில் துவாரெக்குகளின் தமாஷேக் மொழியில் ஒலிபரப்பிய ஒரு வானொலி நிலையத்தில் பதிவான தொகுப்பு அது. பதிவு செய்தவர்களில் ஒருவர் ஜஸ்டின் ஆடம்ஸ் என்னும் ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர்.

2003இல் திம்புக்துவுக்கு அருகே எசக்கானேயில் நடந்த பாலைவன விழாவுக்கு ஜஸ்டின் ஆடம்ஸோடு ராபர்ட் பிளான்ட் வந்து பாடினார். லெட் செப்பெலினின் பாடகர் அவர். ஒரு காலத்தில் தமன்ராசெட்டின் தெருக்களில் கேசட்டாக வந்து சேர்ந்த குரல், இப்போது ஆளாகவே பாலைவனத்துக்கு வந்து, அந்தக் கேசட்டைக் கேட்டு வளர்ந்தவர்களின் மேடையில் நின்றது. 2007இல் அயர்லாந்தின் ஸ்லேன் கோட்டையில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரிக்கு முன்னிசை வழங்கிய குழுக்களில் டினாரிவெனும் ஒன்று. 2010 உலகக் கோப்பைக் கால்பந்துக்காக ஜொகன்னஸ்பர்க்கில் நடந்த தொடக்க இசைவிழாவிலும் அவர்கள் வாசித்தார்கள்.

இந்தப் பாட்டு அடுத்த தலைமுறையை எப்படிப் பிடித்தது என்பதற்கு பாம்பினோவின் கதை ஒன்று போதும். இயற்பெயர் ஓமாரா மொக்தார். நைஜரின் அகதேஸ் பகுதிக்காரர், 1980இல் பிறந்தவர். 1990இல் கலவரத்துக்கு அஞ்சி குடும்பம் அல்ஜீரியாவுக்கு ஓடியபோது அவருக்குப் பத்து வயது. பார்க்க வந்த உறவினர்கள் ஒரு கிட்டாரை விட்டுவிட்டுப் போனார்கள். அதைத் தானே தடவித் தடவிக் கற்றார். பிறகு லிபியாவில் திரிப்போலி பக்கம் ஆடு மாடு மேய்த்தார். தனிமையில் கிடைத்த நேரமெல்லாம் பயிற்சி. நண்பர்களோடு சேர்ந்து ஹென்ட்ரிக்ஸ், டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் மார்க் நாஃப்ளர் வீடியோக்களைப் பார்த்து விரல் அசைவைப் படித்தார். 2007இல் நைஜரில் மறுபடி கிளர்ச்சி. அவரோடு வாசித்த இருவர் கொல்லப்பட்டார்கள். அவர் புர்க்கினா ஃபாசோவுக்குத் தப்பினார். சகாராவில் பயணம் செய்துகொண்டிருந்த அமெரிக்கத் திரைப்படக்காரர் ரான் வைமன், பாம்பினோவின் கேசட் ஒன்றைக் கேட்டுவிட்டு ஆளைத் தேடிப் போனார். புர்க்கினா ஃபாசோவின் வாகடூகூவில் கண்டுபிடித்தார். அந்தத் தேடலிலிருந்து 2011இல் ‘அகதேஸ்’ தொகுப்பு வந்தது. 2013இல் வந்த ‘நோமாட்’ தொகுப்பை பிளாக் கீஸ் குழுவின் டான் அவர்பாக் தயாரித்தார்.

கேசட் ஓய்ந்ததும் கைபேசி வந்தது. சகாராவின் ஊர்களில் 2000களின் இறுதியில் இணையம் அரிது. மெமரி கார்டு மலிவு. ஒரு கைபேசியிலிருந்து இன்னொன்றுக்கு ப்ளூடூத் வழியாகப் பாட்டு தாவியது. சந்தையில் கணினி வைத்திருந்த கடைக்காரர் காசு வாங்கிக்கொண்டு கார்டை நிரப்பித் தந்தார். வெற்று கேசட்டின் இடத்தில் வெற்று கார்டு, அவ்வளவுதான் மாற்றம். நைஜரின் எம்தூ மொக்தார் 2008இல் நைஜீரியாவின் சொகோட்டோ நகரில் பதிவு செய்த ‘அனார்’ அப்படித்தான் பரவியது. கடைகளில் அந்தத் தொகுப்பு இல்லை, ஆனால் பல நாட்டுக் கைபேசிகளில் இருந்தது. அமெரிக்காவைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கிர்க்லி, கிடாலில் தங்கியிருந்தபோது கைபேசிகளில் கிடைத்த பாடல்களைத் திரட்டி ‘மியூசிக் ஃப்ரம் சஹாரன் செல்ஃபோன்ஸ்’ என்று வெளியிட்டார். கோப்பில் கலைஞரின் முகவரி இருக்காது. பாடியவரை ஊர் ஊராக விசாரித்துத்தான் பிடிக்க வேண்டும். எம்தூவை அப்படித் தேடிப் பிடித்தார். எம்தூவும் சைக்கிள் கம்பியில் கிட்டார் செய்து பழகியவர்தான்.

2012இல் மாலியின் வடபகுதி ஆயுதக் குழுக்களின் கையில் விழுந்தது. இசை தடை செய்யப்பட்டது. கிடால் நகரில் அமனார் குழுவின் தலைவர் அகமத் அக் கேதியின் கிட்டார்களையும் ஒலிபெருக்கிகளையும் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். டினாரிவெனின் ஒரு உறுப்பினர் தன் கிட்டார்களைக் காப்பாற்ற முயன்றபோது பிடித்துச் செல்லப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டார். பாலைவன விழாவும் அந்த ஆண்டோடு நின்றது. டினாரிவென் மறுபடி நாடு கடந்தது. 2014இல் வந்த ‘எம்மார்’ தொகுப்பை அவர்கள் பதிவு செய்த இடம் கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ பாலைவனம்.

அதே நாட்களில் வடக்கிலிருந்து தலைநகர் பமாக்கோவுக்கு ஓடிவந்தவர்களில் சில இளைஞர்கள் ஒன்று சேர்ந்தார்கள். ஊர்க் கல்யாணத்தின் கலகலப்பைத் தங்களைப் போலவே இடம்பெயர்ந்து வந்தவர்களுக்குத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். சொங்ஹாய் மொழி பேசுபவர்கள் என்பதால் குழுவின் பெயர் சொங்ஹாய் ப்ளூஸ். அவர்களின் மேடையைத் தேடி வடக்கிலிருந்து வந்த சொங்ஹாய்க்காரர்களும் வந்தார்கள், துவாரெக்குகளும் வந்தார்கள். ஊரில் இரு தரப்புக்கும் நடுவே கசப்பு முற்றியிருந்த காலம் அது. அந்த நேரத்தில் இரு சாராரையும் ஒரே கூரையின்கீழ் ஆடவைத்ததற்கு அந்த இளைஞர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். 2015இல் வந்த அவர்களின் முதல் தொகுப்பின் பெயர் ‘மியூசிக் இன் எக்ஸைல்’.

அண்மைய நிகழ்வு ஒன்று. 2023 ஜூலையில் நைஜரில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றி எல்லைகளை மூடியபோது எம்தூ மொக்தாரின் குழு அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்தது. ஊர் திரும்ப வழியில்லை. தங்கவும் சாப்பிடவும் உதவி வேண்டும் என்று கேட்டார்கள். ரசிகர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். சிக்கிக்கொண்ட அந்த நாட்களில் புரூக்ளினில் உட்கார்ந்து, ஏற்கெனவே முடித்து வைத்திருந்த ‘ஃப்யூனரல் ஃபார் ஜஸ்டிஸ்’ தொகுப்பின் பாடல்களை மின்கிட்டார் இல்லாமல் மறுபடி பதிவு செய்தார்கள். 2025இல் அது ‘டியர்ஸ் ஆஃப் இன்ஜஸ்டிஸ்’ என்று வெளிவந்தது. ஒரே பாடல்களை இரண்டு தொகுப்பிலும் அடுத்தடுத்துக் கேட்டால், ஊருக்குப் போக முடியாமல் நின்றவர்களின் விரல்கள் எவ்வளவு மெதுவாகின என்பது தெரியும்.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் ‘ரேடியோ டிஸ்டாஸ் செஷன்ஸ்’ தொகுப்பிலிருந்து தொடங்கலாம். ஒரு கிட்டார் ஆரம்பிக்கும், கைதட்டல் சேரும், பெண்களின் குலவை எழும். அந்த வரிசையைக் கவனித்துக் கேளுங்கள். அடுத்து ‘தசிலி’; தென்கிழக்கு அல்ஜீரியாவின் பாறைக்காட்டில் கூடாரத்துக்குள் வாசித்தது, பெரும்பாலும் சாதாரணக் கிட்டார்கள். 1992இல் அபிஜானில் பதிவான பழைய கேசட் 2022இல் மறுபடி வெளியாகியிருக்கிறது. நாடாக் காலத்து ஒலியை அறிய அது உதவும். பாம்பினோவை ‘அகதேஸ்’ வழியாகவும், எம்தூவை 2021இன் ‘ஆஃப்ரிக் விக்டிம்’ வழியாகவும் சந்திக்கலாம். ராக் இரைச்சல் பிடித்தவர்கள் எம்தூவிலிருந்தே தொடங்கினாலும் சரி. கேட்டபின், வெளியூரில் இருக்கும் ஒரு நண்பருக்கு ஒரே ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து, ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நான்கு வரி எழுதி அனுப்புங்கள்.